கேள்வி யாருடையது? – விழித்திரை மருந்து, இதய வால்வு ஆய்வுகளை முன்வைத்துச் சில சிந்தனைகள்

1. சிக்கல்

ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்று அறிய, சமவாய்ப்புச் சோதனையைவிட நம்பகமான வழி இன்றைய மருத்துவத்தில் இல்லை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்குப் புதிய சிகிச்சையும் மறுபிரிவுக்கு வேறொன்றும் கொடுத்து, முன்பே அறிவித்த அளவுகோலின்படி விளைவுகளை ஒப்பிடுவார்கள். இத்தகைய ஆய்வுகளைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு இரண்டு முனைகளில் நின்றுவிடுகிறது. ஆய்விதழில் வந்துவிட்டதால் அறிவியல் தீர்ப்பளித்துவிட்டது என்பார் ஒருவர். எல்லாம் மருந்து நிறுவனங்களின் வேலை என்பார் மற்றவர். சோதனை தொடங்கும் முன்பே எடுக்கப்படும் முடிவுகளை இருவருமே கவனிப்பதில்லை.

அந்த முடிவுகள் நான்கு. எதனோடு ஒப்பிடுவது? எதை விளைவாக எண்ணுவது? எத்தனை காலம் பின்தொடர்வது? யாரை ஆய்வில் சேர்ப்பது? கணக்கில் ஒரு பிழையும் இல்லாத ஆய்வுகூட, இந்த நான்கும் எப்படித் தீர்மானிக்கப்பட்டன என்பதைப் பொறுத்து நோயாளிக்குப் பயன்படலாம், படாமலும் போகலாம்.

இதைப் பரிசீலிக்க விழித்திரை நோய், இதய வால்வு நோய் ஆகிய இரு துறைகளை எடுத்துக்கொள்கிறேன். இந்த நூற்றாண்டில் இரண்டிலும் விலையுயர்ந்த புதிய சிகிச்சைகள் வந்தன. நிறுவனங்களின் பணத்திலும் பொதுப் பணத்திலும் ஏறத்தாழ ஒரே பொருளில் ஆய்வுகள் நடந்துள்ளதால், அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. இரு நோய்களும் நம் ஊர்களில் மலிந்தவை என்பது மூன்றாவது காரணம்.

2. எதனோடு ஒப்பிடுவது? – விழித்திரையின் பாடம்

விழித்திரையின் நடுவிலுள்ள மாகுலா என்ற சிறு பகுதிதான் வாசிக்கவும் முகங்களை அடையாளம் காணவும் உதவுகிறது. முதுமையில் சிலருக்கு அதனடியில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும். இக்குழாய்களை வளரத் தூண்டும் புரதத்தை 1989இல் ஜெனன்டெக் நிறுவனத்தில் நெப்போலியோன் ஃபெராரா குழுவினர் பிரித்தெடுத்துக் காட்டினர். அப்புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருளான பெவாசிசுமாப், அவாஸ்டின் என்ற பெயரில் 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே மூலத்திலிருந்து கண்ணுக்கென உருவாக்கிய சிறிய துண்டான ரானிபிசுமாப், லூசென்டிஸ் என்ற பெயரில் 2006இல் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் இரண்டையும் விற்றது ஒரே நிறுவனம்.

லூசென்டிஸுக்கு அனுமதி பெற்றுத்தந்த முக்கிய ஆய்வுகளில் ஒன்று மரீனா. அதில் 716 பேர் சேர்க்கப்பட்டனர். ஒப்பீட்டுப் பிரிவினருக்குக் கிடைத்தது பாவனை ஊசி: ஊசிமுனை இல்லாத சிரிஞ்சைக் கண்ணின்மேல் அழுத்தி எடுப்பார்கள், மருந்து உள்ளே போகாது. ஓராண்டு முடிவில், உயர்ந்த அளவு மருந்து பெற்றவர்கள் பார்வை அட்டையில் சராசரியாக 7.2 எழுத்துகள் கூடுதலாகப் படித்தனர். பாவனை ஊசி பெற்றவர்கள் 10.4 எழுத்துகளை இழந்திருந்தனர். அதுவரை பார்வை இழப்பைத் தாமதப்படுத்த மட்டுமே முடிந்த துறையில் இது பெரிய பாய்ச்சல்.

ஆனால் அதற்குள் மருத்துவர்களின் அறையில் வேறொரு கேள்வி எழுந்திருந்தது. மயாமியில் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் 2005இலேயே அவாஸ்டினைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்திருந்தார். மாகுலாவின் வீக்கம் வடிந்தது. செய்தி வேகமாகப் பரவியது. கண்ணுக்கான அனுமதி இல்லாமலேயே பல நாடுகளில் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கினர். ஒரு முறை செலுத்தும் லூசென்டிஸின் விலை அப்போது அமெரிக்காவில் சுமார் 2,000 டாலர், அவாஸ்டினின் விலை சுமார் 50 டாலர். மலிவானது விலையுயர்ந்ததற்கு ஈடாகுமா என்பதுதான் நோயாளிக்கும் செலவை ஏற்கும் அரசுக்கும் தெரிய வேண்டியிருந்தது. இரண்டையும் தன் கையில் வைத்திருந்த நிறுவனத்துக்கு அதைக் கேட்க எந்தக் காரணமும் இருக்கவில்லை.

கேட்டது அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம். அதன் பணத்தில் நடந்த கேட் என்ற ஆய்வில் 1,208 பேர் சேர்ந்தனர். அளவுகோல் எளிமையானது. நோயாளி குறிப்பிட்ட தொலைவில் அமர்ந்து, படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே வரும் எழுத்துகளைப் படிப்பார். எத்தனை எழுத்து என்பதே கணக்கு. இரு மருந்துகளுக்கும் இடையே பார்வை அட்டையின் ஒரு வரி, அதாவது 5 எழுத்து அளவுக்கு வேறுபாடு இல்லையென்றால் இரண்டும் சமம் என்று முன்கூட்டியே வரையறுத்தனர். 2011இல் வந்த ஓராண்டு முடிவு: மாதந்தோறும் அவாஸ்டின் பெற்றவர்கள் 8.0 எழுத்து முன்னேறினர், லூசென்டிஸ் பெற்றவர்கள் 8.5 எழுத்து. பார்வையில் இரண்டும் சமம். மாதந்தோறும் ஊசி போட்டால் ஓராண்டு மருந்துச் செலவு ஒருவருக்கு லூசென்டிஸில் 23,400 டாலர், அவாஸ்டினில் 595 டாலர். பிரிட்டனில் பொதுப் பணத்தில் 610 பேரிடம் நடந்த ஐவான் ஆய்வும் இதே திசையில்தான் முடிந்தது.

மரீனா பொய் சொல்லவில்லை. 'எதுவும் செய்யாமல் இருப்பதைவிட இது மேலா?' என்ற கேள்விக்கு அது சரியான பதிலைத் தந்தது. அடுத்து வர வேண்டிய கேள்வியைக் கேட்கும் கடமை மட்டும் யாருக்கும் இல்லாமல் இருந்தது.

3. பாதுகாப்பு என்ற வாதம்

கேட் ஆய்வின் எல்லா எண்களும் அவாஸ்டினுக்குச் சாதகமானவை அல்ல. ஓராண்டில் கடுமையான உடல்நலப் பாதிப்புகள் அவாஸ்டின் பிரிவில் 24.1 சதவீதத்தினருக்கும் லூசென்டிஸ் பிரிவில் 19.0 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். கண்ணில் செலுத்திய மருந்து இரத்தத்தில் கலந்து உடலைப் பாதித்தது என்பது ஒரு வாசிப்பு. ஆனால் இவ்வகை மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுகளில் அடங்காத நோய்களே அந்த வேறுபாட்டில் அதிகம் இருந்தன. எனவே இது தற்செயலாக இருக்கலாம் என்பது மற்றொரு வாசிப்பு. 2014இல் காக்ரேன் குழு, நிறுவனப் பணம் இல்லாமல் நடந்த 9 ஆய்வுகளை, மொத்தம் 3,665 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. இறப்பிலோ கடுமையான பாதிப்புகளிலோ இரு மருந்துகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தென்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே உலக சுகாதார நிறுவனம் பெவாசிசுமாபைக் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்தாகப் பட்டியலிட்டிருந்தது.

இத்தாலியில் இந்த வாதம் நீதிமன்றம் வரை போனது. அவாஸ்டின் கண்ணுக்கு ஆபத்தானது என்ற எண்ணத்தைப் பரப்ப, அங்கே இவ்விரு மருந்துகளை விற்ற ரோஷ், நோவார்ட்டிஸ் நிறுவனங்கள் கூட்டாகச் செயல்பட்டன என்று கூறி, அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2014இல் 18 கோடி யூரோவுக்கும் மேல் அபராதம் விதித்தது. 2019இல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

எனினும் பாதுகாப்புக் கவலை முழுக்கக் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. அவாஸ்டின் புட்டி புற்றுநோயாளிக்காக அளவிடப்பட்டது: 4 மில்லியில் 100 மில்லிகிராம். கண்ணுக்குத் தேவை 0.05 மில்லி. ஆகவே ஒரே புட்டியைத் திறந்து பல சிரிஞ்சுகளில் பிரிக்கிறார்கள். பிரிக்கும் இடம் கிருமியற்றதாக இல்லாவிட்டால் ஒரே நாளில் பலரின் கண்கள் சீழ்பிடிக்கும். குஜராத்தில் அத்தகைய பாதிப்பு நேர்ந்ததையடுத்து, 2016 ஜனவரியில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் அவாஸ்டினைக் கண்ணில் பயன்படுத்துவதற்கு எதிராக எச்சரிக்கை விடுத்து, சில வாரங்களில் விலக்கிக்கொண்டது. மருந்தின் தன்மையால் வரும் ஆபத்தும் அதைக் கையாளும் முறையால் வரும் ஆபத்தும் வேறு வேறு. முன்னதற்கு மருந்தை மாற்ற வேண்டும். பின்னதற்குச் சிரிஞ்சு நிரப்பும் அறையைச் சீர்செய்தால் போதும். இரண்டையும் குழப்பினால் லாபம் விலையுயர்ந்த மருந்துக்கே.

பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வு எப்போதும் மலிவான மருந்தையே தூக்கிப்பிடிக்கும் என்று நினைப்பதும் தவறு. நீரிழிவால் வரும் மாகுலா வீக்கத்துக்கு மூன்று மருந்துகளை 660 பேரிடம் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2015இல் வெளியானது. தொடக்கத்தில் பார்வை ஓரளவு நன்றாக இருந்தவர்களிடம் மூன்றும் சமமாக இருந்தன. பார்வை மோசமாக இருந்தவர்களிடமோ விலை கூடிய அஃப்லிபெர்செப்ட் தெளிவாக முந்தியது: 18.9 எழுத்து முன்னேற்றம், அவாஸ்டினில் 11.8. அப்படியென்றால் மோசமான கண்களுக்கு அவாஸ்டினையே முதலில் கொடுத்து, போதாதவர்களுக்கு மட்டும் மருந்தை மாற்றினால் என்ன? அந்த ஆய்வை நடத்திய கூட்டமைப்பே இந்தக் கேள்வியையும் எடுத்துக்கொண்டது. 2022இல் வந்த விடை: சுமார் 70 சதவீதக் கண்களில் மருந்தை மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் பார்வையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருத்துவரும் நோயாளியும் தினமும் எதிர்கொள்ளும் கேள்வி இதுதான்.

4. எதை எண்ணுவது, எவ்வளவு காலம்? – வால்வின் பாடம்

இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாயிலில் இருப்பது பெருந்தமனி வால்வு. முதுமையில் அதில் சுண்ணாம்பு படிந்து இறுகினால் மூச்சுத்திணறலும் மயக்கமும் வரும். நெஞ்செலும்பைப் பிளந்து வால்வை மாற்றுவதே நெடுங்காலம் ஒரே வழியாக இருந்தது. 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே, இரத்தக் குழாய் வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செயற்கைப் பெருந்தமனி வால்வைப் பொருத்தினார்.

வால்வு தயாரிப்பாளரான எட்வர்ட்ஸ் நிறுவனத்தின் பணத்தில் நடந்த பார்ட்னர் ஆய்வுகள் இம்முறையை நிலைநாட்டின. அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாத 358 பேரை ஆராய்ந்த முதல் பகுதி 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 50.7 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் இறந்தனர். கதீட்டர் வால்வு பெற்றவர்களில் அது 30.7 சதவீதம். மரணத்தை எண்ணும் ஆய்வில் அளவுகோலைப் பற்றி ஐயம் எழ இடமே இல்லை.

ஆபத்து குறைந்த நோயாளிகளிடம் அதே ஒப்பீட்டைச் செய்தபோது நிலைமை மாறியது. 2019இல் வந்த பார்ட்னர்-3இல் 1,000 பேர், சராசரி வயது 73. ஓராண்டில் இறப்பவர்கள் இவர்களில் மிகச் சிலர். எனவே மரணம், பக்கவாதம், மீண்டும் மருத்துவமனைச் சேர்க்கை மூன்றையும் கூட்டி ஒரே விளைவாக எண்ணினர். கதீட்டர் பிரிவில் 8.5 சதவீதம், அறுவைப் பிரிவில் 15.1 சதவீதம். மூன்றிலும் கதீட்டரே முந்தியது என்றாலும், எண்ணிக்கையில் பெரும்பங்கு மறுசேர்க்கையுடையது. ஐந்தாண்டுக்குப் பின் அதே கூட்டு விளைவு 22.8, 27.2 சதவீதம் என நெருங்கி வந்தது. வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்னும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மரணம் மட்டும் கதீட்டர் பிரிவில் 10.0, அறுவைப் பிரிவில் 8.2. இந்த வேறுபாடும் உறுதியானதல்ல. ஆனால் 'ஓராண்டு' என்ற எல்லைக்கோடு எவ்வளவு பெரிய வேலையைச் செய்திருக்கிறது என்பது இதில் தெரிகிறது.

வால்வு விஷயத்தில் காலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் சான்று. 1979இல் சந்தைக்கு வந்த ஒரு பியார்க்-ஷைலி வால்வு ரகம், உலகெங்கும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. அதன் வட்டைத் தாங்கும் சிறு உலோகக் கம்பி சிலரிடம் எதிர்பாராமல் முறிந்தது. வட்டு நழுவினால் பலருக்கு மரணம் சில மணி நேரத்தில் நேர்ந்தது. 1986இல் அந்த வால்வு திரும்பப் பெறப்பட்டது. பொருத்தி ஆண்டுகள் கழித்து வெளிப்படும் கோளாறை ஓராண்டுத் தரவு பிடிக்காது.

5. எதிர்வாதமும் அதன் எல்லையும்

நிறுவனம் நடத்தும் ஆய்வெல்லாம் சந்தேகத்துக்குரியது என்ற முடிவுக்கு இதிலிருந்து தாவிவிடக் கூடாது. ஜெர்மனியில் பொது நிதியிலும் அறக்கட்டளை நிதியிலும் 1,414 பேரிடம் நடந்த டெடிகேட் ஆய்வு 2024இல் வெளியானது. மறுசேர்க்கையை விட்டுவிட்டு மரணத்தையும் பக்கவாதத்தையும் மட்டும் எண்ணியபோதும் ஓராண்டில் கதீட்டர் பிரிவில் 5.4 சதவீதம், அறுவைப் பிரிவில் 10.0 சதவீதம். பார்ட்னர்-3 காட்டிய திசை சரியானதே என்பது சுயேச்சையாக உறுதியானது.

தம் பொருளுக்கு எதிராகவே முடிந்த நிறுவன ஆய்வுகளும் உண்டு. டாபிகாட்ரான் என்ற உறைவெதிர்ப்பு மருந்தைச் செயற்கை உலோக வால்வு வைத்தவர்களிடம் அதன் தயாரிப்பாளர் நிதியில் பழைய வார்ஃபரினோடு ஒப்பிட்ட ஆய்வு, 252 பேரோடு பாதியில் நிறுத்தப்பட்டது. டாபிகாட்ரான் பிரிவில் பக்கவாதமும் இரத்தக் கசிவும் அதிகமாக இருந்ததே காரணம். முடிவை 2013இல் வெளிப்படையாகவே அறிவித்தனர். பேயர் நிறுவனத்தின் நிதியில் நடந்த இன்விக்டஸ் ஆய்வை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

ஆகவே பணம் கொடுப்பவர் விடையை மாற்றிவிடுகிறார் என்பதற்குச் சான்று பலவீனமாகவே இருக்கிறது. எந்தக் கேள்வி முதலில் கேட்கப்படும், எது கேட்கப்படாமலே போகும் என்பதைப் பணம் தீர்மானிக்கிறது என்பதற்கோ சான்று வலுவாக உள்ளது.

6. ஆய்வுக்குள் வராதவர்கள்

பார்ட்னர் ஆய்வுகளின் நோயாளி எழுபதைக் கடந்தவர், சுண்ணாம்பு படிந்த பெருந்தமனி வால்வு உடையவர். நம் அரசு மருத்துவமனைகளின் இதய அறுவைப் பிரிவில் வரிசையில் நிற்பவர்களில் பலர் வேறு வகையினர். சிறுவயதில் தொண்டையில் தொற்றிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடலே எழுப்பிய எதிர்வினை, பின்னாளில் ஈரிதழ் வால்வைத் தழும்பாக்கிச் சுருக்கியிருக்கும். வாதக் காய்ச்சலின் விளைவான இந்நோய் நெருக்கடியான குடியிருப்புகளில் வளர்வது. பெண்களிடம் அதிகம், இருபது முப்பது வயதிலேயே வெளிப்படுவது. வருமானம் மிக்க நாடுகளில் ஏறத்தாழ மறைந்துவிட்டதால் பெரிய ஆய்வுகளிலிருந்தும் அது மறைந்தது.

இவர்களுக்கு உலோக வால்வு பொருத்தினால் அறுவையோடு சிகிச்சை முடிவதில்லை. வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை எடுக்க வேண்டும். மாதமொருமுறை, இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனை செய்து, அது பெரும்பாலும் 2.5க்கும் 3.5க்கும் இடையே நிற்கும்படி மாத்திரையைக் கால், அரை எனக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஒரு வாரம் கீரை கூடுதலாகச் சாப்பிட்டாலும் அளவு மாறும். கர்ப்பம் தரித்தால் மருந்து கருவைப் பாதிக்கலாம், மருந்தை நிறுத்தினால் வால்வில் இரத்தம் உறையலாம். சோதனைக் கூடம் இல்லாத ஊரில் வாழும் ஓர் இளம்பெண்ணுக்கு எந்த வால்வு ஏற்றது என்பது 73 வயது அமெரிக்கரின் ஓராண்டு மறுசேர்க்கை விகிதத்தால் தெரியவராது.

இந்தப் பின்னணியில்தான் இன்விக்டஸின் முக்கியத்துவம் விளங்கும். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவின் 24 நாடுகளில் வாத இதய நோயோடு இதயத் துடிப்புச் சீரின்மையும் உள்ள 4,500க்கும் மேற்பட்டோரிடம் அது நடந்தது. சராசரி வயது சுமார் 50, பெரும்பாலோர் பெண்கள். ஆய்வுக்குத் தலைமையேற்றவர்களில் தில்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயனும் ஒருவர். ஐ.என்.ஆர். சோதனை தேவைப்படாத, பேயரின் மருந்தான ரிவராக்சபான், பழைய வார்ஃபரின் வகை மருந்துக்கு ஈடாகும் என்று பலரும் எதிர்பார்த்தனர். 2022இல் வந்த முடிவு எதிர்மாறானது: ரிவராக்சபான் பிரிவின் 2,275 பேரில் 560 பேருக்கும், பழைய மருந்துப் பிரிவின் 2,256 பேரில் 446 பேருக்கும் மரணமோ பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்போ நேர்ந்தது. வேறு நோயாளிகளிடம் பெற்ற விடையை இவர்களுக்கும் பொருத்தியிருந்தால் பல உயிர்கள் போயிருக்கும்.

வால்வு கெடாமலே காப்பது பற்றிய கேள்வி இன்னும் அடிப்படையானது. உகாண்டாவின் கூலூ பகுதியில், அறிகுறி இல்லாமல் எக்கோ சோதனையில் மட்டும் தொடக்கநிலை பாதிப்பு தெரிந்த 818 சிறாரிடம் ஓர் ஆய்வு நடந்தது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பெற்றவர்களில் இரண்டு ஆண்டில் நோய் முற்றியது 0.8 சதவீதத்தினருக்கு, பெறாதவர்களில் 8.2 சதவீதத்தினருக்கு. காப்புரிமையற்ற பழைய மருந்து என்பதால் எந்த நிறுவனத்துக்கும் இந்தக் கேள்வியால் லாபமில்லை. அறக்கட்டளை நிதியே அதைச் சாத்தியமாக்கியது.

7. சித்ரா வால்வு: நம் கேள்வியும் நம் கடனும்

கேள்வியை இங்கிருந்தே எழுப்பியதற்கு முன்னுதாரணம் நம்மிடம் உண்டு. இறக்குமதி வால்வின் விலை எட்டாத நோயாளிகளுக்காக, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையிலான குழு சொந்தமாக வால்வு உருவாக்க முனைந்தது. முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. ஒன்றில் நீலக்கல் வட்டைக்கூடப் பயன்படுத்திப் பார்த்தனர். நான்காவதில் கோபால்ட் கலப்புலோகக் கூட்டுக்குள் மிக உயர்ந்த மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன் வட்டு சாய்ந்து திறக்கும்படி அமைத்தனர். 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் சென்னையின் டி.டி.கே. குழுமம் உற்பத்தியை ஏற்றது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது பொருத்தப்பட்டிருக்கிறது.

இதைப் பெருமிதத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்வது ஆய்வு மனப்பான்மை ஆகாது. ஆறு மையங்களில் 306 பேரிடம் நடந்த தொடக்கச் சோதனை, ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத பின்தொடர்தல் ஆய்வு. எட்வர்ட்ஸிடம் எழுப்பும் நான்கு கேள்விகளையும் சித்ராவிடமும் எழுப்பியாக வேண்டும். மலிவு என்பது நல்ல காரணம். சான்றுக்கு அது மாற்றாகாது.

8. முடிவு

அமெரிக்க அரசு அவாஸ்டின் கேள்வியைக் கேட்டதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது. முதியோருக்கான அரசுக் காப்பீடுதான் அந்த ஊசிகளின் செலவை ஏற்றது. இன்று தமிழ்நாட்டிலும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே வால்வு மாற்று அறுவைக்கு அரசே பணம் தருகிறது. ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் மதிப்பிட்டபடி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. நீரிழிவு உள்ளோரில் சுமார் எட்டில் ஒருவருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருப்பதாகச் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்களும் பங்கேற்ற அகில இந்திய ஆய்வு காட்டியது. பணம் கொடுப்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் பொறுப்பும் உண்டு.

எனவே மூன்று வேண்டுகோள்கள். காப்பீட்டுத் திட்டங்கள் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கை, சிகிச்சைகளை நேருக்கு நேர் ஒப்பிடும் ஆய்வுகளுக்கு ஒதுக்க வேண்டும். வால்வு பொருத்தப்பட்ட ஒவ்வொருவரையும் பத்தாண்டுகளுக்குக் குறையாமல் பின்தொடரும் பொதுப் பதிவேடு வேண்டும். கண்ணுக்கான அவாஸ்டினை மாநில அளவில் கிருமியற்ற மையங்களில் பிரித்து வழங்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. செலவை ஏற்கும் அரசு தன் நோயாளிகளுக்கான கேள்வியைத் தானே கேட்கத் தொடங்காதவரை, பிறருக்காகக் கேட்கப்பட்ட கேள்விகளின் விடைகளுக்குத்தான் நாம் பணம் கட்டிக்கொண்டிருப்போம்.